மில்லும் ஓடணும், காதும் கேக்கணும்

கை அறுபட்டால் ரத்தம் வரும், கால் சுட்டால் கொப்புளம் வரும், காது போனால் மட்டும் ஒன்றுமே வராது. அதனால்தானோ என்னவோ, தொழிற்சாலையில் காதைக் காப்பாற்ற வருகிற எங்களைப் போன்றவர்கள் சொல்வதை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை.

நான் ஸ்டெல்லா. சொந்த ஊர் நாகப்பட்டினம். அப்பா விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். எங்கள் வீட்டு டிவி எங்கள் தெருவுக்கு மட்டுமல்ல, அடுத்த தெருவுக்கும் சேர்த்தே செய்தி வாசிக்கும். அவர் காதில் பாதியை இன்ஜின் தின்றுவிட்டது என்று எனக்குப் புரிந்தபோது நான் தொழிற்சாலைப் பாதுகாப்புப் படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்து, நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய அரிசி ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்தேன்.

தறிக் கூடத்திலும் லேத் பட்டறையிலும் 'காதுல மாட்டுங்க, காதுல மாட்டுங்க' என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்ட என் சக அதிகாரிகளே, நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது. ஆனால் கடைசிவரை படியுங்கள். நம் ஆட்களும் எப்போதாவது ஜெயிக்கிறார்கள்.

மார்கழிக்கு ஆனது

சேர்ந்ததும் நான் செய்த முதல் வேலை, எல்லாருக்கும் காதடைப்பான் கொடுத்தது. நுரைப் பஞ்சில் செய்த, சுண்டுவிரல் நுனி அளவுக்கு இருக்கும் சமாச்சாரம். விரலால் உருட்டிக் காதுக்குள் விட்டால் அதுவே உப்பி அடைத்துக்கொள்ளும். எப்படி மாட்டுவது என்று ஒவ்வொருவருக்கும் செய்து காட்டினேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அந்தச் சத்தத்தில் நான் சொன்னது ஒருவருக்கும் கேட்டிருக்காது என்பது பிறகுதான் தோன்றியது.

அடுத்த வாரம் ஒரு காதிலும் ஒன்றையும் காணோம். விசாரித்தேன். ஒருவர் வீட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்கு மூடியாகியிருந்தது. இன்னொருவர் மகன் வாய்க்காலில் குளிக்கும்போது காதில் தண்ணீர் போகாமலிருக்க வைத்துக்கொள்கிறானாம். தவிட்டைக் கூட்டி அள்ளும் மலர்க்கொடிதான் உண்மையை ஒளிக்காமல் சொன்னாள். அவள் தினமும் மாட்டிக்கொள்கிறாளாம், வீட்டில். "மில்லு சத்தம் பழகிப்போச்சு மேடம். மார்கழி மாசம் எங்க தெரு ஸ்பீக்கர்தான் இன்னும் பழகல."

லட்சுமியின் குரல்

காதடைப்பான் கொடுப்பது கடைசி வழி. முதலில் செய்ய வேண்டியது சத்தத்தை அது பிறக்கிற இடத்திலேயே குறைப்பது. அதற்கு முதலாளி மனது வைக்க வேண்டும். எங்கள் முதலாளி கல்யாணசுந்தரம் நல்ல மனிதர். ஆலையின் மதிலை ஒட்டியே வீடு. காலையில் கண் விழித்ததும் சத்தம் கேட்டால்தான் அவருக்குக் காபி இறங்கும். தூக்கத்தில் மின்சாரம் போய் ஆலை நின்றால் அந்த அமைதியில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

அவரை நெல் உமி நீக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு சோதனை செய்து காட்டினேன். கருவி எதுவும் வேண்டாம். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருப்பவரிடம் கத்தினால்தான் பேச முடியும் என்றால், அந்த இடத்துச் சத்தம் காதுக்கு ஆகாது. நான் கையை நீட்டிக்கொண்டு சாதாரணமாக, "சார், நான் சொல்றது கேக்குதா?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "காபி வேண்டாம்மா, இப்பத்தான் குடிச்சேன்" என்றார்.

வெளியே வந்து விளக்கினேன். மெஷினுக்கு அடியில் ரப்பர், காற்றடிக்கும் ப்ளோயரைச் சுற்றித் தடுப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் அறியாமைக்காக வருத்தப்படுகிறவர் போலச் சொன்னார். "சத்தத்தைக் கொறைக்கறதாவது! நெல்லு அரைபடற சத்தம் லட்சுமி பேசற சத்தம்மா. லட்சுமி வாயை யாராவது பொத்துவாங்களா?"

ஹாரன்

அரிசியைத் தீட்டி வெள்ளையாக்கும் பாலிஷர் மெஷினுக்கு ஆபரேட்டர் முருகையன். ஆலையில் ரொம்பப் பழைய ஆள். அவருக்குக் காதை முழுக்க மூடுகிற ஹெட்போன் மாதிரியான கவசம் கொடுத்தேன். வாங்கி ஆணியில் மாட்டிவிட்டார். "காதை அடைச்சா மெஷின் பேசறது கேக்காது மேடம்" என்பார். அவரோடு பேசும்போதெல்லாம் ஒன்று கவனித்திருந்தேன். நான் பேசினால் என் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். நான் திரும்பிக்கொண்டு பேசினால் பதில் வராது.

சம்பா அறுவடை நேரம். வாசலில் நெல் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒரு லாரி பின்பக்கமாகக் களத்துக்குள் வந்துகொண்டிருந்தது. டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். பின்னால் வருவதைச் சொல்லும் 'பீப் பீப்' சத்தமும் கேட்டது. முருகையன் லாரிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, கீழே சிந்தியிருந்த நெல்லைக் கையில் எடுத்து ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். மலர்க்கொடி கத்தினாள். நான் கத்தினேன். அவர் நெல்லை ஊதிக்கொண்டேயிருந்தார்.

எங்கள் ஃபிட்டர் ஆரோக்கியசாமிதான் கையிலிருந்த ஸ்பேனரை எறிந்துவிட்டு ஓடிப்போய், சட்டையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். பொத்தான்கள் தெறித்தன. இருவரும் ஓரமாக விழுந்தார்கள். முருகையனுக்குக் கோபம். "எதுக்குடா இழுத்தே?" என்று கையை ஓங்கினார். ஓங்கிய கையோடு திரும்பினார். அவர் குனிந்திருந்த இடத்தின் மேல் லாரிச் சக்கரம் நின்றது.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என் வாயையே பார்த்தபடி, சின்னக் குரலில் கேட்டார். "ஹாரன் அடிச்சானா மேடம்?"

சத்திரமும் நட்சத்திரமும்

அடுத்த மாதம் முதலாளிக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில். ஆலையில் எல்லாரையும் வேனில் கூட்டிப்போனார். கோயில் முழுக்க அறுபது வயதுப் புது மாப்பிள்ளைகள். ஒவ்வொரு தூணுக்குப் பக்கத்திலும் ஒரு ஹோமம், ஒரு நாதஸ்வரம், மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி.

சங்கல்பத்துக்குக் குருக்கள் முதலாளியைக் கேட்டார். "நட்சத்திரம் சொல்லுங்கோ."

முதலாளி உற்சாகமாக, "அதெல்லாம் நேத்தே பார்த்தாச்சு சாமி. எல்லாருக்கும் ரூம் போட்டாச்சு" என்றார்.

குருக்கள் புரியாமல் மறுபடியும், "நட்சத்திரம், நட்சத்திரம்" என்றார்.

"சத்திரம்தான் சாமி. ஏ.சி. சத்திரம்!"

கூட்டம் சிரித்தது. பேரன் பேத்திகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளியும் என்ன ஏதென்று தெரியாமலே கூடச் சிரித்தார். பக்கத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி சரோஜா அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "உத்திரட்டாதி" என்று குருக்களிடம் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பந்தியில் அந்த அம்மாள் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இலையில் பாயசம் அப்படியே இருந்தது. மறுபடியும் தாலி கட்டும்போது கணவர் காதோடு ஏதோ சொன்னாராம். 'என்ன, புழுக்கமா இருக்கா?' என்று கேட்டு விசிறியை எடுத்துக் கொடுத்தாராம் முதலாளி. என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார். "லட்சுமி பேசறது கேக்குதுன்னு ஊரெல்லாம் சொல்றாரும்மா. பக்கத்துல உக்காந்து நான் பேசறது கேக்கலையே. அதுக்கு ஒரு வழி பண்ணும்மா மொதல்ல."

மூட்டைகளுக்கு நடுவே ஒரு பரீட்சை

வீட்டில் என்ன பேச்சு நடந்ததோ, திங்கட்கிழமை முதலாளியே என் அறைக்கு வந்தார். "நீ கேட்டுக்கிட்டே இருந்தியே, அந்தக் காது டெஸ்ட்டை எல்லாருக்கும் எடுத்துடு" என்றார். நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். காது சரியில்லை என்று வந்தால் யாரையும் வேலையை விட்டு எடுக்கக் கூடாது. அதை அவரே எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். மறுநாள் களத்தில் நின்று சொன்னார். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். நம்பினார்களா என்பது வேறு.

காது சோதனைக்கு அமைதியான இடம் வேண்டும். சோதிக்கிற ஆளின் காதும் சத்தத்திலிருந்து ஓய்வெடுத்து வந்திருக்க வேண்டும். அதனால் ஆலைக்கு விடுமுறையான நாளில் காலையிலேயே வைத்தோம். ஆலை நின்றாலும் வாசலில் பஸ் ஓடுகிறது, கொல்லையில் காக்கை கத்துகிறது. தஞ்சாவூரிலிருந்து வந்த காது பரிசோதகர் சின்னப் பெண். இடம் தேடி ஆலை முழுக்கச் சுற்றினாள். கடைசியில் நெல் குடோனுக்குள் நுழைந்தவள், கூரைவரை அடுக்கியிருந்த மூட்டைகளுக்கு நடுவே இருந்த சந்தில் நின்று கையைத் தட்டிப் பார்த்தாள். சத்தம் பஞ்சில் விழுந்தது போல அடங்கிப்போனது. அங்கேயே ஒரு மேசை, இரண்டு நாற்காலி போட்டோம்.

முதல் ஆளாக முதலாளியே போய் உட்கார்ந்து வந்தார். அடுத்தது முருகையன். காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்கும்போது அமுக்க வேண்டும், அவ்வளவுதான். முருகையன் அமுக்கினார். அமுக்கினார். அமுக்கிக்கொண்டேயிருந்தார். பரிசோதகர் கருவியிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் சத்தமே அனுப்பாதபோதும் முருகையனுக்குக் 'கேட்டுக்கொண்டிருந்தது'.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, எதிரே உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை. "பெயிலாயிட்டா வேலை போயிரும்ல மேடம். இந்த வயசுல எங்க போவேன்?" மூட்டைச் சந்தின் வாசலில் நின்றிருந்த முதலாளிக்கு, எனக்கே ஆச்சரியம், இது கேட்டுவிட்டது. உள்ளே வந்து அவர் தோளில் கை வைத்தார். "நானே பெயிலுதான்யா முருகையா. மொதலாளிய யாரு வேலைய விட்டு எடுக்கறது? தைரியமா கேட்டதுக்கு மட்டும் அமுக்கு."

மில் ஏன் நின்னுச்சு?

சோதனை முடிவை எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னோம். போன காது திரும்பி வராது. இருக்கிற காதைக் காப்பாற்றலாம். முருகையனுக்குப் போனதுதான் அதிகம். அதுவும் மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள்தான் முதலில் போயிருந்தன. பெண்கள் பேச்சு, குழந்தைகள் பேச்சு, லாரியின் பீப் பீப். காதுக்குள் எப்போதும் சில்வண்டு கத்துகிறது என்றார். அது எல்லாருக்கும் கத்துவதுதான் என்று இத்தனை காலம் நினைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு முதலாளி லட்சுமியைப் பற்றிப் பேசவில்லை. நானும் ஆரோக்கியசாமியும் வேலையில் இறங்கினோம். நெல் விழுகிற தகரச் சரிவுகளுக்குள் பழைய கன்வேயர் பெல்ட்டை வெட்டி ஒட்டினோம். தகரத்தில் நெல் விழுந்தால் ஆலங்கட்டி மழை, ரப்பரில் விழுந்தால் சாரல். மெஷின் கால்களுக்கு அடியில் ரப்பர் மெத்தை கொடுத்தோம். ஆடிக்கொண்டிருந்த மூடிகளையெல்லாம் முறுக்கினோம். காற்று அமுக்கும் கம்ப்ரஸரைச் சுவருக்கு வெளியே தனி அறைக்குக் குடித்தனம் அனுப்பினோம். ப்ளோயரைச் சுற்றித் தடுப்பு எழுப்பும்போது, உள்ளே அடைக்க உமி போதுமே, மலை மாதிரி கிடக்கிறதே என்று ஒரு யோசனை வந்தது. ஒரு பொறி பட்டால் ஆலையே சொக்கப்பனை ஆகிவிடும் என்று நான் தடுத்த பிறகு, தீப்பிடிக்காத கல் பஞ்சை வரவழைத்து அடைத்தோம்.

வேலை முடிந்து மறுபடியும் ஓட்டிய காலை எனக்கு மறக்காது. ஆரோக்கியசாமி சுவிட்சைப் போட்டார். பெல்ட் சுற்றியது, நெல் ஏறியது, அரிசி இறங்கியது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். சத்தம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது இப்போது ஒரு மெஷினின் சத்தமாக இருந்தது. இடி இல்லை. மலர்க்கொடி அந்தக் கோடியிலிருந்து, "மேடம், நான் பேசறது கேக்குதா?" என்றாள். கேட்டது. கத்தாமல் பேசினாள், கேட்டது! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து, பாதி சவரம் செய்த முகத்தோடு, தோளில் துண்டோடு முதலாளி மதில் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். வாசலில் நின்று ஓடுகிற பெல்ட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடியும் பெல்ட்டைப் பார்த்தார். மூச்சு வாங்கியது. "ஓடுதா? வீட்ல சத்தத்தையே காணோம், மில்லு நின்னுபோச்சுன்னுல்ல ஓடியாந்தேன்!"

பேசியது யாரிடம்?

சத்தம் குறைந்தாலும் உமி நீக்கும் மெஷினுக்கும் பாலிஷருக்கும் பக்கத்தில் இன்னும் கவசம் வேண்டியிருந்தது. இப்போது எல்லாரும் மாட்டினார்கள். ஆனால் முருகையனின் பழைய கவலை மட்டும் பலருக்கு இருந்தது. காதை மூடினால் மெஷின் கோளாறு எப்படித் தெரியும்? நான் ஒன்று சொன்னேன். உச்சி வெயிலில் வயலைப் பார்க்கும்போது கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொள்கிறோம். கை வெளிச்சத்தை மறைக்கிறது, ஆனால் அப்போதுதான் தூரத்து வரப்பு தெரிகிறது. காதுக்கும் அதுதான்.

ஒரு மத்தியானம் மலர்க்கொடி கவசத்தோடு நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டரின் அடியில் கூட்டிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஆரோக்கியசாமியிடம் ஓடினாள். உள்ளேயிருந்து 'கிரீச் கிரீச்' என்று ஏதோ வருகிறதாம். அவர் ஆலையை நிறுத்தச் சொல்லி மூடியைத் திறந்தார். பேரிங் காய்ந்து, தொட முடியாத சூட்டில் இருந்தது. அதன் மேல் படிந்திருந்த தூசி கருகத் தொடங்கியிருந்தது. எலிவேட்டருக்குள் தூசியும் தீயும் சேர்ந்தால் வெடிகுண்டு போல வெடிக்கும் என்று ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய சத்தத்தில் அந்தக் 'கிரீச்' யார் காதிலும் விழுந்திருக்காது.

பேரிங்கை மாற்றி மறுபடியும் ஓட்டும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. முதலாளி எல்லாருக்கும் போண்டா வாங்கிவரச் சொன்னார். மலர்க்கொடிக்கு முதல் தட்டு. முருகையன் தன் தட்டிலிருந்து ஒரு போண்டாவை எடுத்து அவள் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார். "மெஷின் பேசும், பேசும்னு நான்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். கடைசியில அது பேசினது இந்தப் புள்ளைகிட்ட."

சரி, ஏன்?

முதலாளியும் முருகையனும் ஒரே காரில் தஞ்சாவூர் போய்க் காது மெஷின் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆலைக்குள் வரும்போது அதைக் கழற்றி டப்பியில் வைத்துவிட்டுக் கவசம் மாட்ட வேண்டும், வெளியே போகும்போது கவசத்தைக் கழற்றிவிட்டு மெஷின் மாட்ட வேண்டும். இரண்டு பேருமே பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி ஒழுங்காகச் செய்தார்கள்.

முருகையனின் மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் அவர், "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு மனைவி வசந்தாவிடம் போனை நீட்டிவிடுவாராம். அப்பாவுக்குத் தன் மேல் ஏதோ கோபம் என்றே அந்தப் பெண் நினைத்திருக்கிறாள். காது மெஷின் போட்ட முதல் ஞாயிறு போனை வாங்கினார். அவள் "அப்பா" என்றதும் வழக்கமான பாட்டை ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டாராம். "என்னம்மா, குரலு கம்மியிருக்கு, சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டாராம். அந்தப் பக்கம் அவள் அழுத அழுகையில் வசந்தாவே பயந்துபோனார்.

இதையெல்லாம் வசந்தா அக்காவே ஆலை வாசலுக்கு வந்து, கையில் ஒரு தூக்கு நிறைய அதிரசத்தோடு எனக்குச் சொன்னார். அக்கா, ரொம்ப சந்தோஷம், இனி வீட்டில் கஷ்டமில்லை அல்லவா என்றேன். அவர் முகம் கொஞ்சம் யோசனையில் போனது. "அதுல ஒரு சங்கடம் இருக்கும்மா. இத்தன வருஷமா நான் என்ன சொன்னாலும் 'சரி'ன்னுதான் சொல்வாரு. இப்பத்தான் 'ஏன்'னு கேக்கறாரு."

வாசல் காவல்

செய்தி பரவியது. மாயவரம் பக்கத்திலிருந்து ஒரு மில் முதலாளி, சத்தமில்லாமல் நெல் அரைக்கிறார்களாமே என்று பார்க்க வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளை சட்டை, நேராக உள்ளே நடந்தார். கதவுக்கு முன்னால் மலர்க்கொடி கையை நீட்டி மறித்தாள்.

"காதுல மாட்டிக்கிட்டு வாங்க சார்."

"நான் வேலை பார்க்க வரலம்மா. சும்மா பார்த்துட்டுப் போக வந்தேன்."

"உங்க காதுக்கு அது தெரியாதுல்ல சார். எங்க மொதலாளியே மாட்டாம உள்ள போக மாட்டாரு."

நான் தலையிடப் போனேன், வேண்டியிருக்கவில்லை. அவர் வாங்கி மாட்டிக்கொண்டார். உள்ளே போய் ஒவ்வொரு மெஷினாகப் பார்த்தார். தடுப்பைத் தட்டிப் பார்த்தார். ரப்பர் ஒட்டிய சரிவில் நெல் இறங்குவதைக் குனிந்து நின்று பார்த்தார். ஆபரேட்டர்கள் தங்களுக்குள் கத்தாமல் பேசிக்கொண்டு வேலை செய்வதை ரொம்ப நேரம் பார்த்தார்.

வெளியே வந்து கவசத்தைக் கழற்றிக் கொடுத்தார். தன் ஆலைக்கும் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். எங்கள் முதலாளி பெருமையாக என்னைப் பார்த்தார். வருகிறேன் என்றேன். காரில் ஏறப் போனவர், ஞாபகம் வந்தவர் போலத் திரும்பி, கதவருகே நின்ற மலர்க்கொடியைக் காட்டினார். "வரும்போது அந்தம்மாவையும் கூட்டிட்டு வாங்க. நீங்க சொன்னா என் ஆளுங்க கேப்பாங்களோ என்னவோ, அவங்க சொன்னா நானே கேக்கறேன்."

முன்பெல்லாம் ஆலையில் யார் என்னைத் திட்டினாலும் அந்தச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்காது, இப்போது ஒரு வார்த்தை விடாமல் தெளிவாகக் கேட்கிறது. ஒரு பாதுகாப்பு அதிகாரிக்கு இதைவிடப் பெரிய வெற்றி என்ன வேண்டும்?